கணக்கில் சேராத ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கும் வழக்கம் எங்கள் தெருவில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் பால்காரர், இன்னொருவர் பிள்ளையார் கோயில் குருக்கள். சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறன்று மூன்றாவது ஆளாக நானும் சேர்ந்தேன். அதற்குக் காரணம் என் தமக்கை மகன்.

பையனுக்குச் சிகாகோ நகரத்தில் உத்தியோகம். விடுமுறையில் வந்தவன் என்னைப் பார்த்து, "மாமா, இந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவை உங்களுக்குக் காட்டுகிறேன்" என்றான். விமானச் செலவு இல்லாமல் அமெரிக்காவைக் காட்டுகிறேன் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தன் கம்ப்யூட்டரைக் கூடத்து மேஜைமேல் வைத்தான். சனிக்கிழமை பகலில் ஒரு பழைய மௌனப் படம். இரவில் ஒரு பழைய பேசும் படத் தொடர். ஞாயிறு விடியலில் கால்பந்து. இதுதான் நிகழ்ச்சி நிரல்.

கால்பந்து என்றதும் நம் ஊர்க் கால்பந்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை எப்போதாவதுதான். முட்டை வடிவமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அல்லது தூர எறிகிறார்கள். எதிர்க் கட்சிக்காரர்கள் ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கிறார்கள். சடுகுடு ஆடிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. சாய்க்கப்படாமல் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு 'டச்டவுன்' என்று பெயர், ஆறு புள்ளி. கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

உண்மையான பந்தயங்கள் செப்டம்பரில்தான் ஆரம்பமாகின்றன. அதற்கு முன்னால் ஆகஸ்டு மாதத்தில், புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவதுபோல, ஒவ்வொரு கட்சியும் சில ஆட்டங்கள் ஆடிப் பார்க்கிறது. 1977 வரையில் ஆறு. 1978 முதல் நான்கு. 2021 முதல் மூன்று என்று குறைத்துவிட்டார்கள். இதில் வென்றாலும் தோற்றாலும் கணக்கில் சேராது. பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் வருஷம் முழுவதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கும் ரசிகர்களிடம் இதற்கும் முழு விலை வசூலித்துவிடுவது அங்கே நெடுநாளைய வழக்கமாம். கதாநாயகன் நடிக்காத படத்துக்கு, அவன் நடித்த படத்தின் டிக்கெட் விலை!

"இதை யாரடா பார்ப்பார்கள்?" என்று கேட்டேன்.

"நான் பார்ப்பேன், மாமா. ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்" என்றான்.

சனிக்கிழமை பார்த்த மௌனப் படம் ஹாரால்ட் லாயிட் நடித்த 'தி ப்ரெஷ்மன்'. 1925 செப்டம்பரில் வெளிவந்தது. வட்டக் கண்ணாடியும் அசட்டுச் சிரிப்புமாக ஒரு பையன் கல்லூரிக்குப் புதிதாக வந்து சேருகிறான். எல்லாருக்கும் பிரியமானவனாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கால்பந்துக் கட்சியில் சேரப் போகிறான். மற்றவர்கள் மோதிப் பழகுவதற்கு வைத்திருக்கும் வைக்கோல் பொம்மை கிழிந்துவிடவே, அந்தப் பொம்மைக்குப் பதிலாக இவனை நிறுத்தி நாள் முழுவதும் மோதித் தள்ளுகிறார்கள். பையன் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. மனம் இளகிய பயிற்சியாளர் அவனைக் கட்சியில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லி வைக்கிறார். உண்மையில் அவனுக்குக் கொடுத்திருப்பது தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலை. இது அவனைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும்.

சிரித்துக்கொண்டே பார்த்த நான் அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டேன். நான் எழுத ஆரம்பித்த காலத்தில், பத்திரிகை ஒன்றில் எழுத்தாளனாகச் சேர்ந்துவிட்டதாக ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் செய்தது விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டும் வேலை. இந்த விஷயம் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. போகட்டும்.

படத்தின் கடைசியில் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழ, வேறு வழியின்றி ஹாரால்டை இறக்குகிறார்கள்; அவன் ஜெயித்துக் கொடுத்துவிடுகிறான். இந்தக் காட்சியில் தெரியும் ஜன சமுத்திரம் கூலிக்குப் பிடித்த கூட்டமல்ல. 1924-ஆம் ஆண்டில் பெர்க்லியில் காலிபோர்னியா, ஸ்டான்போர்டு சர்வகலாசாலைகள் மோதிய நிஜமான பந்தயத்தின் இடைவேளையில் காமிராவுடன் உள்ளே புகுந்து எடுத்தார்கள். நிஜக் கூட்டம், பொய் ஆட்டம். சினிமாவும் கால்பந்தும் அப்போதே சம்பந்திகளாகிவிட்டன.

ஆனால் இந்தச் சம்பந்தத்தைக் கல்யாணமாகவே முடித்து வைத்தவர் வேறொருவர். அவரும் ஒரு சினிமாக் கொட்டகை முதலாளி.

அதே 1925-ன் இலையுதிர் காலம். இல்லினாய் மாகாணத்தில் சாம்பெய்ன் என்ற ஊரில், வர்ஜீனியா தியேட்டரில் ஒரு கல்லூரி மாணவன் படம் பார்க்க வந்திருந்தான். கொட்டகைச் சிப்பந்தி ஒருவன் வந்து, "முதலாளி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்" என்று அழைத்துப் போனான். அன்று திரையில் ஓடிய படமும் இந்த 'தி ப்ரெஷ்மன்' தான் என்று சொல்பவர்கள் உண்டு. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அதை நம்பத்தான் ஆசை. முதலாளியின் பெயர் சார்லஸ் பைல். மாணவனின் பெயர் ஹாரால்ட் கிரேஞ்ச். தலைமயிரின் நிறத்தால் ஊரார் வைத்த பெயர் ரெட் கிரேஞ்ச். லட்சம் டாலர் சம்பாதிக்க இஷ்டமா என்று பைல் எடுத்த எடுப்பிலே கேட்டாராம்.

கிரேஞ்ச் சிகாகோவுக்கு அருகில் வீட்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தவர். தகப்பனார் அவ்வூர்ப் போலீஸில் வேலை பார்த்தார். கோடை விடுமுறைகளில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து கொடுத்துச் சம்பாதித்தவர் கிரேஞ்ச். புகழ் வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. பனிக்கட்டிப் பாளங்களைத் தோளில் தூக்கியே உடம்பு இறுகியது என்பார்.

1924 அக்டோபர் 18-ஆம் தேதி. இல்லினாய் சர்வகலாசாலையின் புது மைதானத்துக்குத் திறப்பு விழா. எதிரே பலம் பொருந்திய மிச்சிகன். சுமார் 67,000 ஜனங்கள். மிச்சிகன் உதைத்த முதல் பந்தைக் கையில் வாங்கிய கிரேஞ்ச் 95 கஜம் ஓடி டச்டவுன் செய்தார். பிறகு 67 கஜம், பிறகு 56, பிறகு 44. முதல் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் நாலு டச்டவுன்! ஜனங்கள் உட்காரவே இல்லை. 39-க்கு 14 என்று இல்லினாய் ஜெயித்தது. பிடிக்கப் போனவர்களின் கையில் காற்றுத்தான் மிஞ்சியது என்பதால் 'பாய்ந்தோடும் பேய்' என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின.

அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்துக்குத்தான் மரியாதை. பணத்துக்கு ஆடும் கட்சிகளின் சங்கம் 1920-ல் தோன்றியிருந்தது. ஆனால் சர்க்கஸ்காரனைப் பார்ப்பதுபோலத்தான் பெரிய மனிதர்கள் அவர்களைப் பார்த்தார்கள். 1925 நவம்பர் 21-ல் கல்லூரிக்காகக் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்த கையோடு, பட்டமும் வாங்காமல், சிகாகோ பேர்ஸ் என்ற கட்சியில் பணத்துக்குச் சேர்ந்துவிட்டார் கிரேஞ்ச். அவரைத் தடுக்க ஆன மட்டும் முயன்றவர் கல்லூரியின் பயிற்சியாளர் ஜப்கே. ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு நீங்கள் சம்பளம் வாங்கலாம், ஆடுவதற்கு நான் வாங்கக்கூடாதா என்பது கிரேஞ்சின் கேள்வி. எனக்கு இதில் பதில் தெரியவில்லை. கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவர்களிடம் எனக்கு ஒரு தனி அனுதாபம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது சொந்த விஷயம்.

ஐந்தே நாள் கழித்துச் சிகாகோவில் முதல் ஆட்டம்; 36,000 பேர் வந்தார்கள். டிசம்பர் 6-ல் நியூயார்க்கில் சுமார் 70,000 பேர். நஷ்டத்தில் தத்தளித்த நியூயார்க் ஜயண்ட்ஸ் கட்சி அந்த ஒரு நாள் வசூலில் மூச்சுவிட்டது. வசூலில் பாதி பேர்ஸ் கட்சிக்கு. மறு பாதியைப் பைலும் கிரேஞ்சும் பங்கிட்டுக்கொண்டார்கள். பைலின் பெயரில் இருந்த இரண்டு 'சி' எழுத்துக்களுக்கு 'காசு வை, சரக்கை எடு' என்று பத்திரிகைக்காரர்கள் பொருள் சொன்னார்கள். சரக்கு யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த டிசம்பரில் பன்னிரண்டு நாட்களுக்குள் எட்டு ஆட்டங்களுக்கு ஏற்பாடு. இரவெல்லாம் ரயில், பகலில் ஆட்டம். மனித உடம்பு எத்தனை தாங்கும்? பாஸ்டனில் கிரேஞ்ச் சரியாக ஓடவில்லை. ஜனங்கள் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். பிட்ஸ்பர்க்கில் கையில் பலத்த அடி. டெட்ராயிட்டில் அவர் ஆடமாட்டார் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சுற்றுப் பயணத்தில் பல ஆட்டங்கள் எந்தக் கணக்கிலும் சேராத காட்சி ஆட்டங்களே. ஜனங்கள் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. ஒரு முகத்தைப் பார்க்க வந்தார்கள். முகம் பார்க்க ஜனங்கள் பணம் கொடுப்பார்கள் என்பது கொட்டகை நடத்தியவருக்குத் தெரியாதா?

அடுத்தது சினிமாதான். நியூயார்க்கில் நிருபர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு படக் கம்பெனி கொடுத்ததாக மூன்று லட்சம் டாலர் செக் ஒன்றை ஆட்டிக் காட்டினார் பைல். அது விளம்பரத்துக்காக எழுதிய காகிதம்! அந்தக் கம்பெனி படமே எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தது எஃப்.பி.ஓ. என்ற வேறொரு கம்பெனி. 1926-ல் அதை விலைக்கு வாங்கியவர் ஜோசப் கென்னடி; பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தகப்பனார். படத்தின் பெயர் 'ஒன் மினிட் டு ப்ளே'. டைரக்டர் ஸாம் உட்.

இந்தப் படப்பிடிப்பில் நடந்ததாகக் கிரேஞ்ச் பிற்பாடு சொன்ன ஒரு சம்பவத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். கதைப்படி பந்தயம் நடப்பது குளிர் தொடங்கும் பருவத்தில். படம் பிடித்ததோ தென் காலிபோர்னியாவின் கொளுத்தும் கோடையில். மைதானம் நிறையக் கூட்டம் வேண்டும். அத்தனை பேரும் கம்பளிக் கோட்டும் தொப்பியும் அணிந்திருக்க வேண்டும். கூலி கொடுத்தால் கம்பெனி திவாலாகிவிடும். பைல் யோசித்தார். கிரேஞ்சின் கட்சிக்கும் ஜார்ஜ் வில்ஸன் என்ற இன்னொரு பெயர் பெற்ற ஆட்டக்காரரின் கட்சிக்கும் காட்சி ஆட்டம் நடக்கும். குளிர்கால உடையில் வருகிறவர்களுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார். அவ்வளவுதான்! ஆயிரமாயிரமாக வந்து குவிந்தார்கள். உச்சி வெயிலில், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டில், வியர்த்துக் கொட்டக் கொட்ட ஆரவாரம் செய்தார்கள். காமிரா சுழன்றது.

பருவம் தொடங்குமுன் ஒரு கால்பந்து ஆட்டம். அதுவே ஒரு சினிமா. பார்க்க வந்தவர்களே நடிகர்கள். டிக்கெட் வாங்காதவர்கள் கூலியும் வாங்கவில்லை. பைலின் மூளையைப் பாராட்டுவதா, ஜனங்களின் மோகத்தைப் பார்த்துப் பரிதாபப்படுவதா என்று புரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது, "அவர்கள் ஏமாந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள், மாமா? கிரேஞ்ச் ஓடியதை நேரில் பார்த்தார்களே" என்றான் பையன். அதுவும் சரிதான்.

இதற்குப் பிறகு பைலுக்கு ஆசை பெருத்தது. நியூயார்க்கில் சொந்தக் கட்சி நடத்தச் சங்கத்தார் அனுமதிக்காததால் 1926-ல் தனியாக ஒரு சங்கமே ஆரம்பித்தார். அது ஒரு வருஷத்தில் மூடுவிழாக் கண்டது. 1927-ல் தாய்ச் சங்கத்திலேயே சேர்ந்து ஆடும்போது கிரேஞ்சின் முழங்கால் முறுக்கிக்கொண்டது. 1928 முழுவதும் ஆடவில்லை. பேய் பாய்ந்தோடிய காலம் அத்துடன் முடிந்தது.

சனிக்கிழமை இரவு நாங்கள் பார்த்தது 1931-ல் வந்த 'தி காலப்பிங் கோஸ்ட்' என்ற தொடர். பன்னிரண்டு பாகம். வாரம் ஒரு பாகமாகக் கொட்டகைகளில் காட்டினார்களாம். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் கதாநாயகன் சாகப் போகிறான். தொடர்கதை எழுதும் என் போன்றவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கிரேஞ்ச் தம் சொந்தப் பெயரிலேயே நடிக்கிறார். நண்பன் செய்த குற்றத்துக்காகப் பழியை ஏற்றுக் கட்சியிலிருந்து விலக்கப்படுகிறார். பிறகு கார், ஆகாய விமானம், கைகலப்பு. நடிப்பு? அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால் அவர் காரை நோக்கி ஓடுகிற இடங்களில், முழங்கால் போன பிறகும், அந்த ஓட்டத்தில் ஒரு லாகவம் தெரிந்தது. நாலு பாகத்துக்குமேல் தாங்காமல் என் மனைவி தூங்கப் போய்விட்டாள்.

உண்மையான ரெட் கிரேஞ்ச் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? 1929-லேயே பேர்ஸ் கட்சிக்குத் திரும்பி வந்து, ஓடுகிறவராக இல்லாமல், ஓடுகிறவர்களைப் பிடிக்கிறவராக உழைத்துக்கொண்டிருந்தார். 1933 டிசம்பரில் நடந்த இறுதிப் பந்தயத்தில், கடைசி நிமிஷத்தில், பேர்ஸ் 23, ஜயண்ட்ஸ் 21 என்று இருக்கும்போது எதிரி ஒருவன் பந்துடன் வந்தான். பக்கத்தில் துணைக்கு இன்னொருவன். காலைப் பிடித்தால் பந்தைத் தோழனிடம் தள்ளிவிடுவான் என்று ஊகித்து, கிரேஞ்ச் அவனைப் பந்தோடும் கைகளோடும் சேர்த்து மார்பில் கட்டிப் பிடித்தார். ஆட்டம் ஜெயித்தது. நாலு டச்டவுனைவிட எனக்கு இந்தப் பிடிதான் பெரிதாகப் படுகிறது. இதை எவரும் படமாக எடுத்துச் சம்பாதிக்கவில்லை.

1935 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சினிமாப் பட்டணத்திலேயே, கணக்கில் சேராத ஒரு காட்சி ஆட்டம். கிரேஞ்ச் பந்துடன் தனியே பிய்த்துக்கொண்டு ஓடினார். முன்னால் ஒருவரும் இல்லை. ஆனால் பின்னாலிருந்து ஓடி வந்து, கனத்த சரீரமுள்ள தடுப்பு ஆட்டக்காரர் ஒருவர் அவரைப் பிடித்துவிட்டார். அந்த நொடியில், இனி நமக்கு இது இல்லை என்று தெரிந்துகொண்டு விலகியதாகக் கிரேஞ்ச் சொன்னார். ஆட்டம் கணக்கில் சேரவில்லை, அவருக்குச் சேர்ந்துவிட்டது.

அதற்குச் சுமார் ஐந்து மாதத்துக்கு முன்புதான், 1934 ஆகஸ்டு 31-ல், சிகாகோவின் ஸோல்ஜர் பீல்டு மைதானத்தில் ஒரு புது வழக்கம் தொடங்கியிருந்தது. 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு ஏற்பாடு செய்தது. கல்லூரியை முடித்து வெளிவரும் மாணவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி, முந்திய ஆண்டு ஜெயித்த பணக் கட்சியோடு மோதவிட வேண்டும். வசூல் தர்மத்துக்கு. முதல் ஆட்டத்தில் பேர்ஸ் கட்சியாரைப் பையன்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவிடவில்லை, இவர்களும் எடுக்கவில்லை. பார்த்தவர்கள் 79,432 பேர். 1947-ல் லட்சத்தைத் தாண்டியது கூட்டம். மொத்தம் 42 ஆட்டங்களில் பையன்கள் ஜெயித்தது ஒன்பது. பெரியவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பையன்களுக்கோ வாழ்க்கையிலேயே முதல் பரீட்சை. ஆனால் புதுப் பையன்களுக்குப் பெரும் பணம் கொடுத்துச் சேர்க்கும் காலம் வந்தபின், வெள்ளோட்டத்திலே அவர்களுக்கு அடிபட விடுவானேன் என்று கட்சிகள் முணுமுணுத்தன. 1976 ஜூலை 23-ல் பிட்ஸ்பர்க் கட்சி 24-க்கு 0 என்று முன்னணியில் இருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஜனங்கள் மைதானத்துக்குள் இறங்கிச் சேற்றில் வழுக்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். பிறகு நடத்தவே இல்லை.

இந்தக் கதையையெல்லாம் பையன் சொல்லி முடித்துக் கண் அயர்ந்தபோது மணி இரண்டு. நாலரைக்கு எழுப்பிவிட்டான். அங்கே சனிக்கிழமை மாலை; ஏழு மணி. மைதானம் முக்கால்வாசி காலி.

முதல் பாதியில் நான் இரண்டு தடவை தூங்கிவிட்டதை ஒப்புக்கொள்கிறேன். கடைசிக் கால் பாகத்தில் பையன் என் தோளைத் தொட்டான். "இனிமேல்தான் மாமா, நான் பார்க்கிற ஆட்டம்" என்றான்.

இப்போது களத்தில் இருந்தவர்களின் பெயர் அறிவிப்பாளருக்கே தெரியவில்லை. காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஆகஸ்டில் ஒவ்வொரு கட்சியிலும் சுமார் 90 பேர் இருப்பார்களாம். மாதக் கடைசியில் 53 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் படமாகப் பதிவாகிறது. அந்தப் படத்தைச் சொந்தப் பயிற்சியாளர் மட்டுமல்ல, மற்ற கட்சிக்காரர்களும் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இங்கே தள்ளியவனை அங்கே எடுத்தாலும் எடுக்கலாம். கோடம்பாக்கத்து மேக்கப் டெஸ்ட் எனக்கு ஞாபகம் வந்தது. நிஜப் படத்தில் வராத முகத்துக்கு அந்த நாலு நிமிஷச் சுருள்தான் எல்லாம்.

எண்பத்தேழாம் எண் சட்டை போட்ட பையன் ஒருவன், ஒல்லி. ஏதோ சிறு கல்லூரியிலிருந்து வந்தவனாம். நல்ல பந்து ஒன்று அவன் கைக்கு வந்தது, தவறவிட்டான். தலைக்கவசத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். காமிரா சட்டென்று மேலே போயிற்று. காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஏழெட்டுப் பேர். எல்லாரும் எண்பத்தேழு போட்ட சட்டை. நரைத்த தலையுள்ள ஒருவர் மட்டும் எழுந்து நின்று, கை இரண்டையும் கொட்டிக்கொண்டிருந்தார். மகன் பந்தைத் தவறவிட்டதற்கு!

இன்னும் மூன்று நிமிஷம். தூக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பந்தை உதைத்ததும் எண்பத்தேழு புறப்பட்டது ஓர் ஓட்டம். இரண்டு பேர் மறித்தும் நழுவிப் போய், பந்தை வாங்கியவனைக் கைகளோடு சேர்த்துக் கட்டிச் சாய்த்தான். மார்பில் கட்டிய பிடி. "கிரேஞ்ச்!" என்று நான் கத்திவிட்டேன். என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

பத்து நாளைக்குப் பிறகு பையன் சிகாகோவிலிருந்து டெலிபோனில் பேசினான். நலம் விசாரிப்பதற்கு முன்னால் நான் கேட்டது எண்பத்தேழைப் பற்றித்தான்.

"ஐம்பத்துமூன்று பேரில் அவன் பெயர் இல்லை, மாமா" என்றான். நான் பேசாமல் இருந்தேன். "ஆனால் பயிற்சிக் குழு என்று ஒன்று உண்டு. அதில் வைத்திருக்கிறார்கள். வாரமெல்லாம் மற்றவர்களோடு பழக வேண்டும். பந்தயத்தில் ஆட முடியாது. யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள்."

"அதாவது, வைக்கோல் பொம்மை கிழிந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்?"

"அப்படியும் சொல்லலாம், மாமா" என்று சிரித்தான்.